சனியின் மீது ஏன் பழி?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குற்றவாளி இருக்கிறான். கடனுக்கு வட்டி ஏறினால் அவன் செய்தது. மகளுக்கு வந்த வரன் தட்டிப் போனால் அவன் செய்தது. திராட்சைக் கொடியில் நோய் விழுந்தால் அவன் செய்தது. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் சென்ற ஜீப் மலை வளைவில் கவிழ்ந்தால், அளவுக்கு மீறி ஆளை அடைத்தவனை எவரும் கேட்பதில்லை. அதுவும் அவன் செய்ததுதான்! போலீசார் தேடாத, நீதிமன்றம் விசாரிக்காத, வாய் திறந்து மறுக்க வழியில்லாத அந்தக் குற்றவாளியின் பெயர் சனி.

அந்தச் சனிக்காக வழக்காட நாம் இன்று வந்திருக்கிறோம்.

பகுத்தறிவு பேசும் இயக்கத்தார் சனிக்கு வக்காலத்து வாங்குவதா என்று தோழர்கள் சிலர் புருவத்தை நெரிக்கலாம். ஆம், வாங்குகிறோம்! பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டால் பூமியில் இருக்கும் உண்மைக் குற்றவாளி தப்பித்துக் கொள்கிறான். அவனைத் தப்ப விடக்கூடாது என்பதற்காகவே வாங்குகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்கு அருகே சுரபி ஆற்றின் கரையில் இருக்கும் குச்சனூர், சனீசுவரர் கோயிலுக்குப் பேர் போன ஊர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அங்கே கூடுகிற கூட்டம் பெருங்கூட்டம். அந்தக் கூட்டத்தில் நிற்கும் தாய்மாரையோ, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் உழைப்பாளியையோ ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. கும்பிடுவது அவரவர் உரிமை. அவர்கள் வஞ்சகர்கள் அல்லர், அச்சத்தால் வாடுகிறவர்கள். நமது சண்டை கும்பிடும் கையோடு அல்ல. அந்தக் கையில் இருக்கும் கூலிப் பணத்தைப் பரிகாரம் என்ற பெயரால் பறித்துக்கொள்ளும் கையோடு!

ஏழரை எங்கிருந்து வந்தது?

"ஏழரைச் சனி" என்றதும் தொடை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழரை என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அது வெறும் பெருக்கல் கணக்கு, தோழர்களே! சனிக்கோள் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. வானத்தின் வட்டத்தை நம் முன்னோர் 12 ராசிகளாகப் பங்கிட்டார்கள். 29½ ஆண்டை 12 ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. பிறந்த ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என மூன்று பங்கைச் சேர்த்தால் ஏழரை ஆண்டு. அவ்வளவுதான் சங்கதி!

இந்தக் கணக்கைக் கண்டவன் அறிவாளி. கருவி ஏதுமின்றி, வெறுங்கண்ணால் இரவு இரவாக வானத்தைப் பார்த்து, ஒரு மனித ஆயுளில் இரண்டு மூன்று முறையே சுற்றிவரும் ஒரு கோளின் நடையை அவன் அளந்தான். அது மெல்ல நடப்பதைக் கண்டு வடமொழியார் 'மெல்லச் செல்வோன்' என்ற பொருளில் சனைச்சரன் என்றார்கள். தமிழர் காரி என்றும் மைம்மீன் என்றும் அழைத்தார்கள். அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் அந்தக் கணக்கின் முதுகில் அச்சத்தை மூட்டை கட்டி ஏற்றியவன் வேறு ஆள். அவனைத்தான் நாம் கேட்கிறோம்.

எண்ணிப் பாருங்கள். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் 12 ராசிகளில் மூன்று ஏழரைச் சனியில் இருக்கும். அதாவது காற்பங்கு. அதோடு அட்டமச் சனி என்று ஒன்று, அர்த்தாட்டமச் சனி என்று ஒன்று, கண்டகச் சனி என்று ஒன்று. கூட்டினால் பன்னிரண்டில் ஆறு. ராசிகளில் சரிபாதி எப்போதும் சனியின் பிடியில்! ஊரில் பாதிப் பேர் எந்நாளும் வாங்கியே தீரவேண்டிய சரக்கை ஒரு கடைக்காரன் வைத்திருந்தால் அவனுக்கு நட்டம் ஏது? அந்தக் கடைக்குக் கடையடைப்பு ஏது?

அந்தச் சரக்கின் தரத்தையாவது பார்ப்போமா? சனி மீன ராசிக்குள் நுழைந்த நாள் 2025 மார்ச் 29 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச்சில்தான் நுழையும் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலும் 2025இல் பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தது. ஒரே வானம், ஒரே கோள். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு! இடையில் மாட்டிக்கொண்ட அந்த ஓராண்டில் சனி நம் தோழனைப் பிடித்திருந்தானா, விட்டிருந்தானா? எந்த நாளுக்குரிய பரிகாரத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவார்கள்?

தேனி முதல் குமுளி வரை

சரி, அந்தச் சனி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிது? கோடிக்கணக்கான மைல் என்று எழுதினால் கண்ணுக்குத் தெரியாது. நம் சாலையிலேயே அளந்து பார்ப்போம்.

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள 9 கோடியே 30 லட்சம் மைலை ஒரே ஒரு மைலாகச் சுருக்கிவிடுவோம். சூரியனைத் தேனியில் வைப்போம். அது 50 அடி குறுக்களவுள்ள ஒரு நெருப்புப் பந்து. கம்பம் செல்லும் சாலையில் நடப்போம். ஒரு மைல் நடந்தால் பூமி. எவ்வளவு பெரிது? உரித்த தேங்காய் அளவு. நம் மாடமாளிகை, மலை, கடல், கட்சி, சாதி, சண்டை எல்லாம் அந்தத் தேங்காயின் மேல்தான்!

ஐந்து மைலில் வீரபாண்டியை ஒட்டி வியாழன் நிற்கிறது. ஓர் ஆள் உயரம், ஐந்தடிப் பந்து. இன்னும் நான்கு மைலுக்கு மேல் நடந்தால், சின்னமனூரை எட்டுவதற்குள், நமது குற்றவாளி சனி. நான்கடிக்குச் சற்றுக் கூடுதலான பந்து. உத்தமபாளையத்தருகே, பத்தொன்பதாவது மைலில், யுரேனஸ். பெரிய பூசணிக்காய் அளவு. கம்பத்தையும் தாண்டிக் கூடலூர்ப் பக்கம், முப்பதாவது மைலில், நெப்டியூன். அதுவும் ஒரு பூசணிக்காய். மலையேறிக் குமுளி வரை போனால் புளூட்டோ, ஒரு நெல்லிக்காய். இடையில் இருப்பதெல்லாம் வெறும் வெளி. இருள். குளிர்.

இப்போது சொல்லுங்கள். சின்னமனூருக்கு இப்பால் நிற்கும் ஒரு நான்கடிப் பந்து, தேனிக்கு ஒரு மைலில் இருக்கும் தேங்காயின் மேல், கண்ணுக்கே தெரியாத துகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனைத் தேடிக் கண்டுபிடித்து, அவனுடைய சம்பளப் பட்டியலைத் திருத்துகிறதா? அவன் மகளின் கல்யாணத்தைத் தடுக்கிறதா? அதுவும் அவனை மட்டும் பிடித்து, பக்கத்து வீட்டு லேவாதேவிக்காரனை விட்டுவிடுகிறதா?

ஈர்ப்பு விசை இல்லையா என்று கேட்பார்கள், கொஞ்சம் படித்த சோதிடர்கள். உண்டு. கணக்கும் உண்டு. பிறந்த குழந்தையின் மேல் சனிக்கோள் செலுத்தும் இழுவையைவிட, ஓரடி தூரத்தில் நின்று அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தும் மருத்துவச்சியின் உடல் செலுத்தும் இழுவை கூடுதல்! சனி கோடிக்கணக்கான மைல் தள்ளியிருப்பதால் வரும் விளைவு அது. சாதகம் குறிப்பதானால் சனியை விட்டுவிட்டு மருத்துவச்சி எந்தப் பக்கம் நின்றாள் என்றுதான் குறிக்க வேண்டும்.

கறுப்புத் துணியும் வெண்ணெய் நிறமும்

சனிக்குக் கறுப்புத் துணி சாத்துகிறார்கள். எள் விளக்கு ஏற்றுகிறார்கள். காகத்தை வாகனமாக்கினார்கள். ஆனால் சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்துப் பார்த்தால்கூடத் தெரிந்துவிடும்: சனி கறுப்பல்ல. வெண்ணெய் நிறம்! அதன் இடுப்பைச் சுற்றி ஒரு பொன் வளையம். வானத்தில் இருப்பவற்றில் அழகானது எது என்று பார்த்தவர்களைக் கேட்டால் பலர் சனியைத்தான் சொல்வார்கள். அழகனைப் பிடித்துப் பேயாக்கி வைத்திருக்கிறோம்!

சனி, 95 பூமியின் எடை கொண்டது. ஆனால் கல்லும் மண்ணும் கொண்டதல்ல; பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்ற வாயுக்களால் ஆனது. அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைவிடக் குறைவு. அதைத் தாங்கும் ஏரி ஒன்று இருந்தால் சனி அதில் மிதக்கும். இவ்வளவு இலேசானவனையா நாம் தலையில் சுமக்கிறோம்?

அந்த வளையம் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டி. மணல் துகள் அளவிலிருந்து வீடு அளவு வரை உள்ள எண்ணற்ற கட்டிகள் வட்டமிட்டு ஓடுகின்றன. ஓரத்துக்கு ஓரம் ஒன்றே முக்கால் லட்சம் மைல் அகலம். கனமோ பல இடங்களில் முப்பது நாற்பது அடிதான்.

சனிக்குத் துணைக்கோள்கள் ஒன்றிரண்டல்ல. 2025 மார்ச் மாதக் கணக்கில் 274. அவற்றுள் பெரியது டைட்டன். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற மனிதன் செய்த கருவி அதன் தரையில் போய் இறங்கியது. அங்கே மழை உண்டு, ஆறு உண்டு, ஏரி உண்டு. ஆனால் ஓடுவது நீரல்ல. குளிரில் திரவமான மீத்தேன். மற்றொரு துணைக்கோள் என்செலடஸ். மேலே பனி ஓடு, அடியில் கடல். அதன் தென்துருவத்து வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் வானில் பீறிட்டு அடிப்பதைக் காசினி விண்கலம் 2005இல் கண்டது. 13 ஆண்டு சனியைச் சுற்றி ஆராய்ந்த காசினி, எரிபொருள் தீரும் நிலையில் 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள்ளேயே பாய்ச்சி எரிக்கப்பட்டது. ஏன்? அந்தப் பனிக்கடலில் ஒருவேளை உயிர் இருந்தால் நம் பூமியின் நுண்கிருமி அதைக் கெடுத்துவிடக்கூடாது என்ற பொறுப்புணர்ச்சி!

பார்த்தீர்களா? மனிதன் சனியைப் பிடித்தான். சனி மனிதனைப் பிடிக்கவில்லை.

ஒன்பதில் இல்லாதவை

நவக்கிரகம் என்று ஒன்பதைச் சுற்றுகிறோம். அதில் சூரியன் கோளே அல்ல, விண்மீன். சந்திரன் பூமியின் துணைக்கோள். ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. சந்திரனின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். நம் காலடியில் இருக்கும் பூமி அந்தப் பட்டியலில் இல்லை. மெய்யாகவே இருக்கும் யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் இடமில்லை. ஏன்? வெறுங்கண்ணுக்கு எட்டியதைக் கொண்டு போட்ட பட்டியல் அது. அது அந்தக் காலத்தின் குற்றமன்று. இந்தக் காலத்திலும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் குற்றம்.

வியாழனை எடுத்துக்கொள்வோம். 318 பூமி எடை. பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும் வேகம். 1610 ஜனவரியில் கலிலியோ தன் சின்னஞ்சிறு தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார். நான்கு ஒளிப்புள்ளிகள் வியாழனைச் சுற்றுவதைக் கண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்று மதபீடம் கட்டி வைத்திருந்த கோட்டையில் அன்று விழுந்தது வெடிப்பு! வியாழனும் நல்லவனல்ல, கெட்டவனுமல்ல. 1994 ஜூலையில் ஒரு வால்மீன் துண்டு துண்டாகி அதன் மேல் விழுந்ததை உலகமே பார்த்தது. குருவின் பார்வை கோடி நன்மை என்பவர்கள், குருவின் மேலேயே விழுந்த அடிக்கு என்ன பரிகாரம் சொன்னார்கள்?

யுரேனசைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தில் பிழைத்த ஓர் இசைக்கலைஞர். தொலைநோக்கி வாங்கப் பணமில்லை. தானே கண்ணாடி தேய்த்தார். மணிக்கணக்கில் கையை எடுக்காமல் அவர் தேய்க்க, தங்கை கரோலின் வாயில் உணவு ஊட்டினார். அந்தக் கையால் செய்த கருவியில் 1781 மார்ச் 13 அன்று அகப்பட்டது ஒரு புதிய உலகம். படுத்துக்கொண்டே உருளுகிறது அந்தக் கோள். ஒரு சுற்றுக்கு 84 ஆண்டு.

நெப்டியூன் வரலாறு இன்னும் வியப்பு. யுரேனஸ் கணக்குப்படி நடக்கவில்லை. ஏதோ ஒன்று அதை இழுக்கிறது. அது எங்கே இருக்க வேண்டும் என்று பாரிசில் லெ வெரியே காகிதத்தில் கணக்குப் போட்டார். கடிதம் பெர்லினுக்குப் போயிற்று. 1846 செப்டம்பர் 23 இரவு காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்துக்கு வெகு அருகில் நின்றது நெப்டியூன்! இதுவன்றோ சோதிடம்! சொன்னது நடக்க வேண்டும். நடந்ததை எவரும் சரிபார்க்க முடிய வேண்டும். இந்த உரைகல்லில் தேய்க்க நம் ஊர்ச் சோதிடர் எவரேனும் வருவாரா?

புளூட்டோவைக் கண்டவனோ ஒரு குடியானவன் மகன். பெயர் கிளைட் டாம்பா. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்தவன். ஆலங்கட்டி மழை பயிரை அடித்துப் போட்டது. கல்லூரிக் கனவு அதோடு கலைந்தது. நம் ஊராயிருந்தால் "சனி பிடித்துவிட்டது" என்று உட்கார வைத்திருப்பார்கள். அவன் உட்காரவில்லை. பழைய மோட்டார் காரின் உறுப்பையும், பண்ணை இயந்திரத்தின் பாகத்தையும் கொண்டு தொலைநோக்கி செய்தான். பார்த்ததை வரைந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினான். வேலை கிடைத்தது. படத்தகடுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பார்த்துப் பார்த்து, 1930 பிப்ரவரி 18 அன்று, நகர்ந்திருந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தான். 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை நெருங்கிப் படமெடுத்தபோது, அந்தக் கலத்தில் அந்தக் குடியானவன் மகனின் சாம்பலில் ஒரு சிறு பகுதியும் இருந்தது.

நெப்டியூனுக்கு அப்பால் பனிக்கட்டி உலகங்கள் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. 1992இல் அங்கே முதல் புதிய உருண்டையைக் கண்டவர்கள் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும். லூ, வியட்நாமியப் போரில் அகதியாக அமெரிக்கா சென்ற குடும்பத்துப் பெண். இத்தகைய உருண்டைகள் பெருகப் பெருக, புளூட்டோவை மட்டும் கோள் என்பது முறையா என்ற கேள்வி எழுந்தது. 2006 ஆகஸ்டில் உலக வானியலார் கூடி வாக்கெடுத்து, புளூட்டோ குறுங்கோள் என்று முடிவு செய்தார்கள். புதிய உண்மை கிடைத்தால் பட்டியலைத் திருத்துவது விஞ்ஞானம். உண்மை எத்தனை கிடைத்தாலும் திருத்தமாட்டேன் என்பது பஞ்சாங்கம்.

நம் மலைகளின் சாட்சி

இதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி, நமக்கென்ன என்று சொல்வோருக்கும் ஒரு செய்தி உண்டு.

1852இல் சென்னை வானாய்வுக்கூடத்தில் ஜேக்கப் என்ற அதிகாரி சனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளையத்தின் உட்புறத்தில் மங்கலாகத் தெரியும் பகுதிக்கு ஊடே கோளின் உடல் தெரிவதைக் கண்டார். அது கெட்டித் தகடன்று, மெல்லிய திரை போன்றது என்று புலப்பட்டது. அதே சமயத்தில் லாசெல் என்ற ஆங்கிலேயரும் அதையே கண்டார். பிற்காலத்தில் அதே கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பணி செய்தார். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டவர் அவர். கண்ணால் பார்த்த வானத்துக்கு ஒத்ததாகப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று அந்த நாளிலேயே வாதாடியவர். பழமைக் குலத்தில் பிறந்தும் உண்மையின் பக்கம் நின்ற அவரைப் பாராட்ட நமக்குத் தயக்கமில்லை.

1899இல் அந்த வானாய்வுப் பணி கோடைக்கானலுக்கு மாறிற்று. ஜேக்கப் காலத்து ஆறங்குலத் தொலைநோக்கியும் அங்கே போயிற்று. பெரியகுளத்தில் நின்று நிமிர்ந்தால் தெரியும் மலைதான் அது! அந்நாளில் மோட்டார் சாலை இல்லை. பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் கோடைக்கு ஏறினார்கள். நடக்க மாட்டாத துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள் நம் கூலிக்காரர்கள். மேலே போன சுமை எல்லாம் மனிதன் தோளிலும் மாட்டின் முதுகிலும் போயிற்று. கண்ணாடி வழியே பார்த்தவர்களுக்கு நூல்களில் பெயர் உண்டு. சுமந்த தோள்களுக்கு இல்லை. ஆனாலும் அந்தத் தோள்கள் இன்றி அந்தக் கண்ணாடிக்கு வானம் இல்லை!

1960இல் அந்தக் கோடைக்கானல் கூடத்துக்குத் தலைவராக வந்தவர் வைணு பாப்பு. மாணவராக இருந்தபோதே 1949இல் ஒரு வால்மீனைக் கண்டு உலக வானியலில் பெயர் பெற்றவர். இரவு வானைப் பார்க்கக் கோடையின் மேகம் இடைஞ்சல் என்று, சவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூரைத் தேர்ந்தார். 1972இல் அங்கே ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி வந்தது. அன்றைய கிழக்கு ஜெர்மனியில் செய்தது.

1977 மார்ச் 10. நாடெங்கும் தேர்தல் கூட்டம். நம் தோழர்கள் சுவரெழுத்து எழுதிக்கொண்டிருந்த மாதம். அன்றிரவு ஒரு மங்கிய விண்மீனுக்கு முன்னே யுரேனஸ் கடந்துபோகும் என்று கணக்கிட்டுக் காவலூரில் காத்திருந்தார்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். விண்மீனின் ஒளி சில வினாடிகள் மங்கியது, மீண்டது. இடையில் ஏதோ ஒரு பொருள்! புதிய துணைக்கோள் போலும் என்று முதலில் எழுதினார்கள். அதே இரவில் அமெரிக்க வானியலார் விமானத்தில் தொலைநோக்கியை வைத்துப் பறந்து பதிந்தார்கள். வேறு நாடுகளிலும் பதிந்தார்கள். எல்லாப் பதிவையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. துணைக்கோள் அன்று, யுரேனசைச் சுற்றி மெல்லிய வளையங்கள்! உடனே திருத்திக்கொண்டார்கள். அதற்கு வெட்கப்படவில்லை. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் அருகே போய்ப் படமெடுத்து அந்த வளையங்களை உலகத்துக்குக் காட்டியது.

சனிக்கு மட்டுமே உரியது என்று மூன்று நூற்றாண்டாக எண்ணியிருந்த வளையம் யுரேனசுக்கும் உண்டு என்று உலகம் அறிந்த இரவில், தமிழகத்து மலை ஒன்றும் சாட்சி நின்றது. இந்தச் செய்தியைக் குழந்தைகளுக்குச் சொன்னோமா? இல்லை. ராகு காலம் எத்தனை மணிக்கு என்று சொல்லிக் கொடுத்தோம்!

பள்ளத்தாக்கைப் பசுமையாக்கியது எது?

இனி வழக்கின் தீர்ப்புக்கு வருவோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வயல் பச்சையானது எந்தப் பெயர்ச்சியால்? மேற்கே பாய்ந்து கடலில் விழுந்த பெரியாற்றை மறித்து அணை கட்டி, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து, கிழக்கே நீரைத் திருப்பியதால்! 1895இல் அந்த அணை திறந்தது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப் போயிற்று, மீண்டும் கட்டினார்கள். காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் நூற்றுக்கணக்கில் உழைப்பாளிகள் மடிந்தார்கள்; மற்றவர்கள் தொடர்ந்தார்கள். நம் விவசாயிகள் பென்னிகுயிக்கின் படத்தை வீட்டில் மாட்டி, சனவரி 15 அன்று பொங்கலிட்டு நன்றி சொல்கிறார்கள். அது நன்றியுணர்ச்சி, போற்றுகிறோம். அதே நன்றியில் ஒரு பங்கு, அந்தக் காட்டில் மடிந்த கூலிக்காரனுக்கும் சேரட்டும். தண்ணீர் கொண்டுவந்தது மனிதன் மூளையும் மனிதன் தோளும். சனியும் அல்ல, குருவும் அல்ல.

இது இன்று நாம் புதிதாகச் சொல்வதன்று. வானத்தில் மைம்மீனும் வெள்ளியும் எத்தனை தீக்குறி காட்டினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்கவில்லை, ஆட்சி செம்மையாக இருந்ததே காரணம் என்று கபிலர் புறநானூற்றில் பாடி வைத்தார். சங்கத் தமிழன் சனியைப் பார்த்தான். ஆனால் நாட்டின் நலத்துக்கு ஆட்சியைத்தான் பொறுப்பாக்கினான். அவன் பேரர்களாகிய நாம் ஆட்சியையும் கேட்காமல், முதலாளியையும் கேட்காமல், சனியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

தோட்டத்தில் கூலி குறைந்தால் சனியைக் கேட்காதே. கூலி நிர்ணயிக்கும் சட்டத்தைக் கேள், சங்கத்தைக் கேள். ஜீப்பில் பத்துப் பேர் இடத்தில் இருபது பேரை அடைத்தால் எள் விளக்குப் போடாதே; ஏறமாட்டோம் என்று சொல். வட்டி கழுத்தை நெரித்தால் பரிகாரத்துக்கு இன்னொரு கடன் வாங்காதே. கூட்டுறவுச் சங்கத்தின் கதவைத் தட்டு. சாதகம் பொருந்தவில்லை என்று மகளை வீட்டில் இருத்தி வைக்காதே. அவள் மனம் பொருந்துகிறதா என்று அவளைக் கேள்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் ஒவ்வொருவரின் கடமை என்று 1976இல் செய்த திருத்தத்தின் மூலம் இந்திய அரசியல் சட்டமே சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் அடைந்து கிடக்கும் அந்தக் கடமையைத் தெருவுக்குக் கொண்டுவருவது நம் வேலை.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடிக்கம்பத்துக்குச் செலவிடுகிறோம், தோரணத்துக்குச் செலவிடுகிறோம். வட்டத்துக்கு ஒன்றாக, படிப்பகத்தில் ஒரு சிறு தொலைநோக்கி வாங்கி வையுங்கள். மழை ஓய்ந்து வானம் தெளிந்த ஓர் இரவில், உழைத்துக் களைத்து வரும் தாய்மாரையும், பள்ளிப் பிள்ளைகளையும் அழையுங்கள். வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களைக் காட்டுங்கள். பிறகு சனியைக் காட்டுங்கள். நீண்ட சொற்பொழிவு வேண்டாம். பார்க்கட்டும். அந்த வெண்ணெய் நிறப் பந்தையும் அதன் பனி வளையத்தையும் ஒருமுறை தன் கண்ணாலேயே பார்த்த பிள்ளை, "எனக்குச் சனி பிடித்திருக்கிறது" என்று எவன் வந்து சொன்னாலும் சிரிக்கும்.

அந்தச் சிரிப்புத்தான் நாம் கேட்கும் விடுதலைத் தீர்ப்பு. சனிக்கும், அதைவிட முதலாக, நமக்கும்!